வீட்டு போர்ட்டிகோவில் கார் எஞ்சினை மாற்ற முடியுமா? ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

யூடியூபில் பார்த்தால் எல்லாம் இருபது நிமிஷம்தான். பழைய எஞ்சின் மேலே போகும், புதிய எஞ்சின் கீழே வரும், சாவியைத் திருப்பினால் கார் உறுமும். நடுவில் போன வாரங்களும், மாறிய பதிவெண் விவரங்களும், வாங்கிய நெளிந்த போல்ட்டுகளும் வீடியோவில் வராது.

இந்தியாவில் இந்தக் கேள்வி இப்போது அதிகம் எழுவதற்குக் காரணம் இருக்கிறது. பத்து வருஷத்துக்குள் வந்த பெர்ஃபாமன்ஸ் கார்கள் இன்று இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்துவிட்டன. வாங்கும் விலை இறங்கிவிட்டது. உதிரிபாக விலை இறங்கவில்லை. எஞ்சின் சீஸ் ஆகிவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டர் தரும் எஸ்டிமேட், சில சமயம் காரின் இன்றைய மதிப்பையே தொட்டுவிடும். அப்போதுதான் "நாமே இறக்கி ஏற்றிவிட்டால் என்ன?" என்ற எண்ணம் வருகிறது.

சுருக்கமான பதில்: முடியும். ஆனால் எஞ்சினைத் தூக்கி வைப்பது இந்த வேலையில் சின்னப் பகுதி. அதற்கு முன்னால் செய்யும் விசாரணையும், பின்னால் செய்யும் காகித வேலையும்தான் உங்கள் பணத்தையும், சில நேரம் உங்கள் உயிரையும் காப்பாற்றுகின்றன.

விளக்கம் எளிதாக இருக்க, ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2017-ல் 230 குதிரைத்திறனுடனும், 2020-ல் 245 குதிரைத்திறனுடனும் இந்தியாவுக்கு வந்தது. இரண்டாவது முறை விற்பனைக்கு வந்தவை 200 கார்கள் மட்டுமே. இதன் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் இஏ888 என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கே சொல்வதில் பெரும்பகுதி மற்ற டர்போ பெட்ரோல் கார்களுக்கும் பொருந்தும்.

முதல் கேள்வி: பழைய எஞ்சின் எதனால் செத்தது?

இதற்கு விடை தெரியாமல் புதிய எஞ்சினுக்குக் காசு கொடுக்காதீர்கள். முதல் எஞ்சினைக் கொன்ற காரணம் காரிலேயே இருந்தால், அது இரண்டாவதையும் கொல்லும்.

பொதுவாக நடப்பவை இவை:

• கூலன்ட் கசிவு. இஏ888-ன் மூன்றாம் தலைமுறையில் தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். அந்தக் கூடு கசிவது பலருக்கும் தெரிந்த பலவீனம். மெதுவாகக் கசியும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் சூடாகி ஹெட் வளைந்துவிடும்.

• ஆயில் பட்டினி. ஆயில் குறைந்தாலோ, தரம் தவறிய ஆயில் ஊற்றினாலோ பேரிங் அடித்துவிடும். டர்போவும் கூடவே போகும்.

• மழைத் தண்ணீர். மும்பை, சென்னை, பெங்களூரு வெள்ளத்தில் தண்ணீரை உறிஞ்சிய எஞ்சின்கள் ஏராளம். தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

• அளவு மீறிய ரீமேப். 100 ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதிய ட்யூனில் சாதாரண பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் நாக்கிங் வரும். பிஸ்டன் உடைவது அடுத்த கட்டம்.

பேரிங் அடித்த எஞ்சின் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தேய்ந்த உலோகத் துகள் ஆயிலோடு சேர்ந்து எல்லா இடமும் போயிருக்கும். ஆயில் கூலருக்குள், டர்போவின் ஆயில் குழாய்களுக்குள், டர்போ உடைந்திருந்தால் இன்டர்கூலருக்குள்ளும் இருக்கும். இன்டர்கூலரையும் குழாய்களையும் நன்றாகக் கழுவலாம். ஆயில் கூலரின் நுண்ணிய அறைகளில் சிக்கிய துகளை முழுமையாக எடுக்க முடியாது. அதைப் புதிதாகப் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். இந்த ஒரு பொருளில் மிச்சம் பிடித்து, ஏற்றிய எஞ்சினைச் சில நூறு கிலோமீட்டரிலேயே இழந்தவர்கள் உண்டு.

'எஞ்சின் மாற்றம்' என்றால் எதை மாற்றுகிறோம்?

எல்லாப் பழுதுக்கும் முழு எஞ்சின் தேவையில்லை. ஹெட் மட்டும் போயிருந்தால் ஹெட்டை மாற்றலாம். பிளாக், கிராங்க், பிஸ்டன் பகுதி போயிருந்தால் நம் மெக்கானிக்குகள் 'ஹாஃப் எஞ்சின்' என்று சொல்வதை வாங்கி, நம்முடைய ஹெட்டை அதன்மேல் போடலாம். எல்லாமே போயிருந்தால்தான் முழு எஞ்சின்.

இந்த வித்தியாசம் ஆர்டிஓவுக்கும் முக்கியம். எஞ்சின் எண் பொறிக்கப்படுவது பிளாக்கில். ஹெட் மாறினால் எண் மாறாது. பிளாக் மாறினால் எண் மாறும். எண் மாறினால் ஆர்சியும் மாற வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்கும் முன்பே இதைப் படித்துவிடுவது நல்லது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. வண்ணம் மாற்றுவது போன்ற சிறிய விஷயங்கள் வேறு. வாகனத்தின் அடிப்படை அம்சம் வேறு என்பதுதான் அதன் சாரம்.

அப்படியானால் எஞ்சினையே மாற்றக் கூடாதா? அப்படி இல்லை. அதே 52-வது பிரிவு எஞ்சின் மாற்றத்தைத் தனியாகக் குறிப்பிடுகிறது. முன் அனுமதி இல்லாமல் எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால், 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து, ஆர்சியையும் கட்டணத்தையும் கொடுத்து, புதிய விவரத்தைப் பதிய வேண்டும். ஆனால் நடைமுறையில் வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் ஆர்டிஓவில் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்டு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. என்ன ஆவணம் கேட்பார்கள் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் கொஞ்சம் மாறும்.

அதே வகை எஞ்சினுக்கு அதே வகை எஞ்சின் என்றால் பாதை இருக்கிறது. வேறு எஞ்சின் என்றால்தான் சிக்கல். ஓர் உதாரணம்: ஆக்டேவியாவின் 1.8 டிஎஸ்ஐ எஞ்சினும் இதே இஏ888 குடும்பம்தான். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இந்தியாவில் அதிகம் விற்றதும் அதுதான், எனவே எளிதில் கிடைக்கும். ஆனால் அது 1798 சிசி. ஆர்எஸ் எஞ்சின் 1984 சிசி. ஆர்சியில் 1984 என்று இருக்கும் காரில் 1798 சிசி எஞ்சின் உட்கார்ந்திருந்தால் அது தயாரிப்பாளர் சொன்ன கார் இல்லை. 1.8 காரில் 2.0 எஞ்சினை ஏற்றும் ஆசைக்கும் இதே பதில்தான்.

மாசு விதியும் உண்டு. நாடு முழுவதும் பிஎஸ்6 அமலுக்கு வந்தது 2020 ஏப்ரல் 1-ல். பிஎஸ்6 காரில் அதற்கு முந்தைய பிஎஸ்4 எஞ்சினை வைப்பது, காரின் பதிவு விவரத்தையே பொய்யாக்கும்.

மீறினால்? 2019-ல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

இதைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழும். பாலிசியில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து பார்க்கும்போது காரில் இருக்கும் எண் வேறாக இருந்தால், உங்கள் கிளெய்ம் நிராகரிக்கப்படும் அபாயம் நிஜம். அந்த விபத்தில் இன்னொருவருக்கு அடிபட்டிருந்தால், இழப்பீட்டுத் தொகை உங்கள் தலையில் வந்து நிற்கலாம்.

"பழைய நம்பரையே புது பிளாக்கில் பஞ்ச் பண்ணிடலாம் சார், யாருக்கும் தெரியாது" என்று யாராவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். எண்ணை அழித்து மறுபடி அடிப்பது திருட்டு வண்டிக்காரர்கள் செய்யும் வேலை. அந்தக் காரை எந்த ஆய்வாளரும் அப்படித்தான் பார்ப்பார்.

மாற்று எஞ்சின் எங்கே கிடைக்கும்?

மூன்று வழிகள். கம்பெனியிடமே ஆர்டர் செய்வது முதல் வழி. விலை அதிகம், காத்திருப்பும் அதிகம், ஆனால் பில் சுத்தமாக இருக்கும். உங்கள் பிளாக்கை லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து எஞ்சினைப் புதுப்பிப்பது இரண்டாவது. பிளாக் உங்களுடையதே என்பதால் எஞ்சின் எண் மாறாது. காகிதத் தொல்லையே இல்லை. பிளாக் உடையாமல் இருந்தால் முதலில் யோசிக்க வேண்டிய வழி இதுதான்.

மூன்றாவது, பழைய எஞ்சின். டெல்லி மாயாபுரி, மும்பை குர்லா, சென்னை புதுப்பேட்டை என்று ஒவ்வொரு பெருநகரத்துக்கும் ஒரு சந்தை உண்டு. நேர்மையான வியாபாரிகள் நிறைய. ஆனால் எஞ்சினின் பூர்வீகத்தைக் கேட்காமல் வாங்கக் கூடாது. மீரட்டில் சோதிகஞ்ச் என்ற சந்தை திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதற்கே பெயர் போனது. காவல்துறையின் தொடர் நடவடிக்கையால் 2021 டிசம்பரில் அது மூடப்பட்டது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்கீழ் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

எனவே கேட்டு வாங்க வேண்டியவை: ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய பில், பில்லில் எஞ்சின் எண், எஞ்சின் வந்த காரின் பதிவு அல்லது ஸ்கிராப் ஆவணத்தின் நகல். வெளிநாட்டிலிருந்து வந்த எஞ்சின் என்றால் சுங்க ஆவணமும் வேண்டும். பழைய பொருட்களை இறக்குமதி செய்வதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதால் 'பார்ட்டி அனுப்பினாங்க' என்ற வாய்ச்சொல் போதாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' இணைய சேவையில் எஞ்சின் எண்ணைப் போட்டு, அது திருட்டுப் புகாரில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். காசு கைமாறும் முன் பாருங்கள்.

எஞ்சினையும் சோதியுங்கள். பிளாக்கின் எஞ்சின் குறியீட்டு எழுத்துகள் உங்கள் காருடையவையோடு பொருந்த வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். சின்ன கேமராவை விட்டு சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தால், பேரிங்கின் வாழ்க்கை வரலாறு தெரிந்துவிடும். மினுமினுப்பு இருந்தால் வேண்டாம்.

வீட்டில் இடம் போதுமா?

ஆபத்து தொடங்குவது இங்கேதான். இந்த எஞ்சினும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸும் சேர்ந்தால் எடை 200 கிலோவைத் தாண்டும். அது விழும்போது பிடிக்க யாராலும் முடியாது.

தரை கான்கிரீட்டாக, சமமாக இருக்க வேண்டும். பேவர் பிளாக்கிலும் டைல்ஸிலும் ஜாக்கி ஸ்டாண்ட் உட்கார்ந்தால் கல் உடைந்து வண்டி சாயும். அடுக்குமாடி பார்க்கிங் என்றால் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள். பாதி வேலையில் நிறுத்தச் சொன்னால் எஞ்சின் இல்லாத காரை எங்கே தள்ளுவீர்கள்?

• ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு; தாங்குவது ஸ்டாண்டின் வேலை. கைவசம் இருக்கும் செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் அதற்கு மாற்றாகாது.

• மடக்கும் எஞ்சின் கிரேனில் '2 டன்' என்று எழுதியிருக்கும். அது கையைக் குறுக்கி வைக்கும்போது மட்டும். கையை முழுசாக நீட்டினால் தாங்கும் அளவு கால் பங்குக்கு இறங்கிவிடும். கையின் மேலேயே அளவுகள் எழுதியிருக்கும், படியுங்கள்.

• வீட்டு போர்ட்டிகோ கொக்கியில் செயின் பிளாக் மாட்டாதீர்கள். அந்தக் கொக்கி ஊஞ்சலுக்குப் போட்டது.

• நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் அழுத்தம் 200 பார் வரை போகும். அழுத்தத்தை இறக்காமல் குழாயைத் தளர்த்தினால் பீய்ச்சி அடிக்கும், கண் போகலாம், தீப்பிடிக்கலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது முதல் வேலை. பெட்ரோல் ஆவி தரையை ஒட்டித் தவழும்; பக்கத்தில் பூஜை விளக்கோ, இன்வெர்ட்டரோ, கேஸ் அடுப்போ இருக்கக் கூடாது. பவுடர் வகை தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

• ஏசி கேஸை காற்றில் திறந்துவிடாதீர்கள். பல கார்களில் கம்ப்ரஸரைக் குழாயோடு எஞ்சினிலிருந்து பிரித்து ஓரமாகக் கட்டிவைக்க முடியும். முடியாவிட்டால் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷினில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

• தனியாகச் செய்யாதீர்கள். தூக்கும்போதும் இறக்கும்போதும் இரண்டு பேர் கட்டாயம். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையை விடாதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இறக்கி ஏற்றும்போது எங்கே தப்பு நடக்கும்?

கழற்றும்போது நடக்கும் தப்பு ஏற்றும்போதுதான் தெரியும். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள், டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், எந்த இடத்துப் போல்ட் என்று எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள்.

இந்த வகை எஞ்சின்களில் பல முக்கிய போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக் கூடியவை. இறுக்கும்போது அவை கொஞ்சம் நீளும்படி செய்யப்பட்டவை. எஞ்சின் மவுண்டிங் போல்ட், ஃப்ளைவீல் போல்ட் எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டும். டார்க் ரென்ச்சில் குறிப்பிட்ட அளவு, அதன்மேல் குறிப்பிட்ட கோணம் என்று கம்பெனியின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும். 'கை அளவு' இங்கே செல்லாது.

எஞ்சின் வெளியே இருக்கும்போது எளிதாகக் கை எட்டும் இடங்கள், உள்ளே போன பிறகு எட்டாது. தண்ணீர் பம்ப் கூடு, பின்பக்க கிராங்க் சீல், செயின் டென்ஷனர், மவுண்டிங் ரப்பர், கேஸ்கெட்கள் எல்லாவற்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்ப்பது இன்னொரு பொறி. இரண்டு முகங்களும் கையால் தள்ளும்போதே இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். போல்ட்டைப் போட்டு இழுத்து ஒட்டவைத்தால் கியர்பாக்ஸ் உடையும்.

எஞ்சினோடு வரும் இசியூவை வாங்கி மாட்டாதீர்கள். காரின் சாவியும் இம்மொபிலைசரும் உங்கள் பழைய இசியூவோடுதான் பேசும். அது காரிலேயே இருக்கட்டும். ரீமேப் செய்த இசியூ என்றால், கம்பெனி அளவுக்கு மாற்றிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

முதல் ஸ்டார்ட்: அவசரப்படாதீர்கள்

பல நாட்கள் சும்மா கிடந்த எஞ்சினில் பேரிங்குகளில் ஆயில் இருக்காது. சரியான தர ஆயிலும் புது ஃபில்டரும் போட்ட பிறகு, பெட்ரோலும் ஸ்பார்க்கும் போகாமல் துண்டித்துவிட்டு, சில விநாடிகள் வீதம் இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் ஏறியது உறுதியான பிறகே உண்மையான ஸ்டார்ட்.

கூலன்ட்டில் காற்றுக் குமிழி தங்கினால் மீட்டர் சரியாகக் காட்டும்போதே ஹெட் சூடாகும். வேக்யூம் கருவியால் நிரப்புவதே சரி. வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஸ்கேனர் மாட்டி ஃபால்ட் கோடுகளைப் பாருங்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள்; புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள்.

வடித்த ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. சாக்கடையில் ஊற்றாமல், அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பட்டறையில் கொடுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தரையில் கிடந்தால் தெருநாய் நக்கும், குழந்தை தொடும். உடனே கழுவிவிடுங்கள்.

கார் ஓடுகிறது. வேலை முடிந்ததா?

இல்லை. 14 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பரிவாகன் தளத்தில் வாகன மாற்றத்துக்கான விண்ணப்பம், பில், பழைய ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், புதிய எண்ணின் பென்சில் பிரிண்ட் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் காரை நேரில் பார்ப்பார். கார் கடனில் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை. ஆர்சியில் புதிய எண் ஏறியதும், அதன் நகலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, பாலிசியிலும் மாற்றச் சொல்லி, திருத்தப்பட்ட பாலிசியை வாங்குங்கள்.

ஒரு தவறான நம்பிக்கை: எஞ்சின் புதிது என்பதால் காரின் வயது குறையாது. பதிவுக் காலம் கணக்கிடப்படுவது காரின் பதிவுத் தேதியிலிருந்து.

எப்போது வேண்டாம் என்று விட்டுவிடலாம்?

பழைய எஞ்சின் ஏன் செத்தது என்று உறுதியாகத் தெரியாதபோது. எஞ்சினுக்கு பில் தர வியாபாரி தயங்கும்போது. அதே குறியீட்டு எஞ்சின் கிடைக்காமல் 'கிட்டத்தட்ட அதேதான்' கிடைக்கும்போது. சமமான தரையும், சரியான கிரேனும், துணைக்கு அனுபவமுள்ள ஒருவரும் இல்லாதபோது. தினமும் ஆபீஸ் போக அந்த ஒரே கார்தான் இருக்கும்போது.

இதில் ஒன்று பொருந்தினாலும், பாதி வேலையை நீங்கள் செய்து மீதியைப் பட்டறைக்கு விடலாம். எஞ்சின் தேடுவது, எண் சரிபார்ப்பது, உதிரிபாகம் சேர்ப்பது, ஆர்டிஓ வேலை எல்லாம் உங்கள் கையில். தூக்கி இறக்குவது மட்டும் லிஃப்ட் இருக்கும் பட்டறையில். கூலி கொடுக்க வேண்டியிருக்கும்தான். ஆனால் அந்த 200 கிலோ உங்கள் தலைக்கு மேலே தொங்காது.